எட்டாம் தெரு

கொம்பாடித்துறைக்குத் தெரு ஏழு, எதிரே கடலில் தீவு ஏழு, அந்தத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு நாலு நாளைக்கு ஒரு தரம் ஊருக்கு முன்னால் வந்து போகிற எட்டாம் தெரு ஒன்று. எட்டாம் தெருவில் குழாயடி கிடையாது, நாய் கிடையாது, சண்டை கிடையாது. வெள்ளையாய் உயர்ந்த ஒரு பாயும், தேய்த்துப் பளபளப்பாக்கிய மரத்தளமும், காயப் போட்ட ஒரு நீலத் துண்டும், மூன்று மனிதர்களும்தான் உண்டு. மூன்று பேரில் இரண்டு பேர் வயதான வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி. மூன்றாவது ஆள் தஸ்நேவிஸ், கடலில் முங்கிப் பாசி எடுக்கிற மெற்றில்டாவின் புருஷன்.

அது தெருவான விதம் இப்படி. ஒரு புரட்டாசியில், தீவு தீவாகச் சுற்றியே பாதி உலகத்தை முடித்துவிட்ட அந்தத் தம்பதி, தங்கள் யாட்டை, அந்தச் சொகுசுப் பாய்ப்படகை, ஊருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, ஏழு தீவையும் சுற்றிக் காட்ட வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று ரப்பர் படகில் கரைக்கு வந்தார்கள். கேட்டதில் தப்பில்லை. அந்தத் தீவுகளுக்கு நடுவே தண்ணீருக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டுகளின் போக்கு கொம்பாடித்துறைக்காரர்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து ஊர்ப் படகானாலும் சரி, பெரிய இடத்துக் கப்பலானாலும் சரி, உள்ளே நுழைய வேண்டுமானால் அந்த ஊர் ஆள் ஒருவன் முன்னால் உட்கார்ந்து கை காட்டியாக வேண்டும். தஸ்நேவிஸ் முந்திக்கொண்டான். அந்தப் படகின் சுக்கானை ஒரு தரமாவது பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை, சாதாரண ஆசை இல்லை, இரண்டு நாளாகச் சோறு இறங்காத ஆசை.

"நாளைக்குக் கொடியேத்தம்லா," என்றாள் மெற்றில்டா.

"நாலே நாளுட்டி. சப்பரம் கிளம்புததுக்கு முந்தி வந்து நிப்பேன்."

அவளிடம் சொல்ல வேண்டிய சங்கதி இன்னொன்றும் இருந்தது. தலைக்குக் குளித்து நாற்பத்தைந்து நாளாகியிருந்தது. நர்சம்மாவிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டு, அவன் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதரின் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால், பத்தாம் நாள் அது இறங்குகிறவரைக்கும் ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே ஒரு ராத்திரி தங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். தங்கினவன் பெயரை ஊர்க் குடும்பங்களின் தலைக்கட்டுப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். பிறகு அவனுக்கு ஊரில் தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, நடக்க வழி கிடையாது. மறுநாள் சாயங்காலம் கொடிக்கயிற்றைப் பங்குச் சாமியார் கையில் எடுத்த நேரத்தில்தான், தஸ்நேவிஸ் வெளியே இருக்கிறானே என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். கூட்டம் முணுமுணுத்தது. ஊர்த்தலைவர் பெர்க்மான்ஸ் இளகின மனுஷர், தஸ்நேவிஸுக்குத் தாய்மாமன் முறை வேறு. ஒரு நிமிஷம் தாடையைச் சொறிந்து யோசித்துவிட்டு மைக்கை வாங்கினார்.

"ஏழு தீவும், அதைச் சுத்தி வார அந்தப் படகும், இந்த நிமிசத்துலருந்து நம்ம ஊருதான். படகு நம்மளுக்கு எட்டாந் தெரு. ஊருக்குள்ள இருக்கவன் ஊருக்குள்ளதான் இருக்கான். கொடிய ஏத்துங்க சாமி."

எல்லோரும் சிரித்தார்கள், சாமியாரும் சிரித்தார், கொடி ஏறியது. இப்படி ஒரு தப்பை அந்த ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும். சட்டத்தை மீறப் பயந்து எல்லையை இழுத்துவிட்டார்கள், இழுத்ததைத் திரும்பச் சுருட்டி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு யாட் வந்தது. கரையிலிருந்து நூறு பாகம், அதாவது கையை விரித்து நூறு தரம் அளக்கிற தூரம் தள்ளி, பாய் நிறையக் காற்றோடு, ஊரை உரசுகிற மாதிரி வந்து, தஸ்நேவிஸ் இடது கையைத் தூக்கி ஆட்ட, மெற்றில்டாவும் ஆட்ட, நிற்காமல் தெற்கே போய்விட்டது. இன்னொரு சுற்றுப் போகிறான் போல என்றார்கள். எட்டாம் நாளும் வந்தது, பன்னிரண்டாம் நாளும் வந்தது, கொடி இறங்கி, பந்தல் பிரித்து, மைக்செட்காரன் வண்டியில் சாமான் ஏற்றிப் போனபிறகும் வந்தது, கரையில் இலைகூட அசையாத நாளிலும் பாய் நிறையக் காற்றோடு வந்தது. எட்டுப் படகு சேர்ந்து விரட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு வேகம் போனாலும் நூறு பாகம் நூறு பாகமாகவே இருந்தது. வெள்ளைக்காரர்களின் மகள் எங்கிருந்தோ பறந்து வந்து, கடலில் தேடுகிற அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு, கொம்பாடித்துறை ஆளை முன்னால் உட்காரவைத்துப் போய், தன் தாய் தகப்பன் மேசையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நூறு பாகத்துக்கு அப்பாலிருந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, அழுது, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அதற்கப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. பழகுவதற்கு ரொம்ப நாள் பிடிக்கவில்லை. யாட் வருகிற நாளில் பள்ளிக்கூடத்தில் பத்து மணி அடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஜன்னல் வழியாகப் பாய் தெரிந்தால் பிள்ளைகளே புத்தகத்தை மூடின. கோயில் பதிவேட்டில் எட்டாம் தெரு என்று தனிப் பக்கம் தொடங்கி மூன்று பேரையும் எழுதினார்கள். திருவிழாவின் பொதுவிருந்தான அசனத்தில் எட்டாம் தெருவுக்கு உரிய சோற்றைப் பானையில் போட்டு, வாழையிலையால் மூடி, மணலில் அலை தொடுகிற இடத்தில் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் பானை காலியாகி, கழுவிக் கவிழ்த்த நிலையில் இருந்தது, யார் கழுவினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சில காலையில் அந்தப் பக்கத்திலிருந்து காப்பி வாசனை வந்தது, பீங்கான் தட்டில் கரண்டி தட்டுகிற சத்தம் வந்தது, வெள்ளைக்காரி இருமுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. நீலத் துண்டு மட்டும் காயவே இல்லை. வெயில் எத்தனை அடித்தாலும் அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், யாட் சுற்றுகிற கோட்டில் மீன் கட்டியது. பாறை மீனும் சீலா மீனும் அந்தக் கோட்டை விட்டு நகராமல் நின்றன, வலை போட்டவனுக்கு இழுக்கத்தான் ஆள் போதவில்லை. மீன் வந்தபிறகு, அந்தப் படகு ஏன் நிற்கவில்லை என்ற பேச்சு ஊரில் மெதுவாக நின்றுபோயிற்று.

மெற்றில்டாவுக்கு மட்டும் பழகவில்லை. வைகாசியில் பெண் பிள்ளை பிறந்தது, பெனிட்டா என்று பேர் வைத்தாள். தஸ்நேவிஸின் தங்கை சூசன்னாள் கூடவே இருந்து பேறு பார்த்து, குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தாள். பிள்ளையை நாலு நாளைக்கு ஒரு தரம் இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கரையில் நின்றார்கள். அது கையாட்டக் கற்றபோதே இடது கையால் ஆட்டக் கற்றது, ஏனென்றால் அப்பா இடது கையால் ஆட்டினார். அப்பா என்றால் நூறு பாகத்துக்கு அப்பால் இருக்கிற விரல் உயரத்து ஆள் என்றுதான் அது ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தது. மூன்று வயதில் ஒரு தரம், "அப்பாவை எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கலாமா?" என்று கேட்டது. சூசன்னாள் சிரித்தாள், மெற்றில்டா உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

ஒரு காலையில் மெற்றில்டா தனியாகவே தீவுக்குப் போய், யாட் வருகிற வழியில் முங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். தலைக்கு மேலே அதன் அடிப்பாகம் வந்தது, சிப்பி ஒன்று கூட ஒட்டாமல், நேற்றுத்தான் கடலில் இறக்கின மாதிரி. அதன் நிழல் விழுந்த தண்ணீர் ஐஸ்கட்டிக் குளிராக இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். காலை உந்தி மேலே வந்தபோது பக்கத்தில் ஒன்றுமில்லை. யாட் நூறு பாகம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது, தஸ்நேவிஸ் திரும்பிப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் அங்கேயே மிதந்துகொண்டு, கடல் தண்ணீரும் கண்ணீரும் ஒன்றாக வாயில் போக, அழுதாள்.

ஏழாவது திருவிழா முடிந்து பெர்க்மான்ஸிடம் போனாள்.

"மாமா, அன்னைக்கு மைக்குல சொன்னத நீங்களே ரத்துப் பண்ணிருங்க. படகு ஊரு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா அவிய வந்துருவாவ."

பெர்க்மான்ஸ் தாடையைச் சொறிந்தார். "நான் யோசிக்காம இருப்பனாம்மா? ரத்துப் பண்ணினா, ஏழு கொடிக்கும் வெளிய தங்குனவன்னு ஆயிருவான். அப்புறம் அவன் எந்த ஊரு? கரைக்கு வந்தாலும் உள்ள விட முடியாது. இப்பமாவது நம்மாளா இருக்கான், கண்ணுல தெரியுதான். மீனும் வருது. என்ன குறை ஒனக்கு?"

திரும்பி நடக்கும்போதுதான் அந்தப் படகு ஏன் எட்டவில்லை என்பது அவளுக்கு விளங்கிற்று. விரட்டிப் போன படகு எல்லாவற்றிலும் ஊர் ஆள் ஒருவன் முன்னால் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக்கார மகள் போன படகிலும் இருந்தான். ஊருக்குள் இருக்கிறவன் ஊருக்கு எப்படி வந்து சேர முடியும்? அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் ஊரை விட்டு வெளியே போயிருக்க வேண்டும், வெறுமனே பஸ் ஏறிப் போவது இல்லை, பட்டியலில் பெயர் அடிபட்டுப் போக வேண்டும். பாறைகளின் போக்கு அவளுக்கே அத்துப்படி. பதினைந்து வருஷமாக அவற்றின் மேல் கைவைத்துப் பாசி பறித்தவள். பெயர் அடிபட்டவர்கள் ஒரு வருஷம் கழித்துக் கோயில் வாசலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்ளுவார்கள், அப்படி இரண்டு பேரைச் சேர்த்ததை அவளே பார்த்திருக்கிறாள். ஒரு வருஷம்தானே என்று அவள் கணக்குப் போட்டாள்.

எட்டாவது கொடி ஏறின சாயங்காலம், கூட்டம் கலையும் முன்னால், பெனிட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். சூசன்னாள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மயினி, கொடி ஏறிட்டு. எங்க போறிய?"

"ஒங்க அண்ணனக் கூட்டியாரப் போறேன்."

"பிள்ளையையாவது விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"அவிய பிள்ளையப் பாக்க வேண்டாமா சூசன்னா? நாளைக்கு வந்து எல்லாம் சொல்லுதேன். நீ எங்க மேல கோவப்படாத."

ஒரு வருஷக் கணக்கை மெற்றில்டா அவளிடம் சொல்லவில்லை. சூசன்னாள் பிள்ளையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமைக்குப் பள்ளிக்கூட உடுப்பைத் தேய்த்து வைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்து ஊர் கீழமுந்தலில் மெற்றில்டாவோடு பாசி எடுக்க வருகிற ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டு, காலையில் சீனி செய்யது என்பவரின் ஃபைபர் படகில் கிளம்பினார்கள். கொம்பாடித்துறை ஆள் இல்லாமல் உள்ளே போவதா என்று சீனி செய்யது தயங்கினார். "நான் இருக்கேன், அண்ணாச்சி," என்று மெற்றில்டா முன்னால் உட்கார்ந்து கை காட்டினாள். முதல் தீவைத் தாண்டியபோது தெற்கேயிருந்து யாட் வருவது தெரிந்தது. நூறு பாகத்தில் வந்து நின்றது அந்தத் தூரம். இஞ்சினை முடுக்கினாலும் குறையவில்லை.

அப்போது காலைப் பூசை முடிந்து, தண்ணீருக்கு மேலே கோயில் மைக்கின் கரகரப்பு வந்தது. பெர்க்மான்ஸின் குரல். "நம்ம ஊரு மெற்றில்டாவும் அவ பிள்ளை பெனிட்டாவும் கொடி நேரத்துல எல்லைக்கு வெளிய ராத் தங்கிட்டாவ. இன்னையிலருந்து அவிய பேரு பட்டியல்ல கிடையாது. அவியளுக்கு இந்த ஊருல தண்ணி இல்ல, நெருப்பு இல்ல, வழி இல்ல." வழி இல்ல என்ற சொல் கடலில் கரைந்து முடிவதற்குள் யாட்டின் ஏணி படகின் மேல் இடித்தது. சீனி செய்யது பிஸ்மி சொன்னார்.

தஸ்நேவிஸ் மேலே நின்று குனிந்து பார்த்தான். இருபத்தொன்பது வயது முகம், போன நாளில் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை, கையில் பாதி உரித்த வெங்காயம்.

"ஏட்டி, நீ எங்க வந்த? மூணு நாளு பொறுக்கலையா ஒனக்கு?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "என்ன, இப்பிடி மெலிஞ்சு போன? சுகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"யாரு பிள்ளை இது?"

மெற்றில்டா பிள்ளையை முன்னால் நகர்த்தி நிறுத்தினாள். பெனிட்டா அண்ணாந்து பார்த்தது, நிஜ உயரத்தில் ஒரு ஆளை. பயந்துபோய் இடது கையைத் தூக்கி மெல்ல ஆட்டியது. தஸ்நேவிஸ் பிள்ளையின் கையைப் பார்த்தான், காதைப் பார்த்தான், நெற்றியில் மயிர் சுழித்திருக்கிற இடத்தைப் பார்த்தான். பிறகு கரை அடையாளம் பார்த்தே வயிறு வளர்த்தவன் செய்கிற மாதிரி, திரும்பிக் கரையைப் பார்த்தான்.

"நேத்துலருந்து யோசிக்கேன். கோயிலுக்குப் பின்னால அந்தச் செல்போன் டவரு எப்ப வந்துச்சுன்னு."

"அது வந்து நாலு வருசமாச்சு," என்றாள் மெற்றில்டா. "நீங்க போயி ஏழு வருசம்."

அவன் வெங்காயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அழவில்லை, ஏணியில் இறங்கி வந்து பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, அதன் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். வெள்ளைக்காரி ஒரு பிஸ்கட் டப்பாவைப் பிள்ளையிடம் நீட்டி, நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடு என்று அவனிடம் சைகையால் சொன்னாள். யாட் நகர்ந்தது. அது போன வேகத்தைப் பார்த்தால் வழிகாட்ட ஆள் தேவைப்பட்ட படகாகத் தெரியவில்லை.

படகைக் கொம்பாடித்துறைக்குத் திருப்பினார்கள். கோபுரம் தெரிந்தது, கொடி தெரிந்தது, கரையில் காயப் போட்ட வலைகூடத் தெரிந்தது. ஒரு மணி நேரம் போயும் அவை அதே அளவில்தான் தெரிந்தன. டீசல் தீருகிறது என்று சீனி செய்யது சொன்னபிறகு கீழமுந்தலுக்கே திரும்பினார்கள். மறுநாள் பஸ்ஸில் போனார்கள். பஸ் முந்தின நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போயிற்று, நடுவில் உடைமரக் காடு மட்டும் இருந்தது. கொம்பாடித்துறையா, அது அடுத்த ஊரில்லையா என்று கண்டக்டர் கேட்டார். நடந்து போனார்கள், நடக்க நடக்கப் பாதை நீண்டுகொண்டே போய்க் கீழமுந்தலின் மறுபக்கத்தில் கொண்டுவந்து விட்டது. ஒரு வருஷம் கழித்து முழங்காலிடுவதற்கு அவர்களுக்குக் கோயில் வாசல் கிடைக்கவில்லை.

கீழமுந்தலிலேயே இருந்துவிட்டார்கள். தஸ்நேவிஸ் அடுத்தவர் படகில் போனான், பெனிட்டா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. நாலு நாளைக்கு ஒரு தரம் அவனால் காலையில் வீட்டில் உட்கார முடியாது. கடற்கரைக்குப் போய்ப் பத்து மணிவரை நின்றுவிட்டு வருவான், அங்கிருந்து ஒன்றும் தெரியாது. மெற்றில்டாவின் கைபேசியிலிருந்து ஊருக்குக் கூப்பிட்டால் மணி போகாது. அங்கிருந்து மட்டும் வந்தது. முதல் தரம் நாலு மாசம் கழித்து வந்தது. "மயினி, எங்க நிக்கிய? காலைச் சோறு ஆறிட்டு," என்றாள் சூசன்னாள். அடுத்தது இன்னும் ஒன்பது மாசம் கழித்து. "சாயங்காலம் ஆயிட்டே, பஸ் கிடைக்கலையா?" எட்டாத தூரத்துக்கு அப்பால் பொழுது மெதுவாகத்தான் போகிறது என்று மெற்றில்டாவுக்கு அப்போது புரிந்தது. அவள் ஒன்றையும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண், சொன்னால் தாங்கமாட்டாள்.

ஏழு வருஷம் முடிந்த புரட்டாசியில், மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தபோது மறுபடியும் மணி அடித்தது. பின்னணியில் அதே மைக்செட், அதே பாட்டு.

"மயினி, இன்னைக்கு அஞ்சாந் திருவிழா. மூணு நாளா பெர்க்மான்ஸ் மாமா சோறு திங்கல, அழுதுக்கிட்டே கெடக்காவ. சாமியாருட்ட பேசிட்டாவளாம். அண்ணனும் வெளிய ராத் தங்கிட்டாவல்லா, கொடி எறங்குன உடனே ஒங்க மூணு பேரு பேரையும் சேத்து எழுதி மைக்குல சொல்லிருவாவளாம். அஞ்சு நாள்தான் மயினி. அஞ்சே நாள் பொறுத்துக்கிடுங்க."

மூன்று நாளைக்கு ஏழு வருஷம். மெற்றில்டா சாதத்தில் விரலை வைத்தபடியே ஐந்து நாளைக்குக் கணக்குப் போட்டாள். பதினோரு வருஷம் எட்டு மாசம். அவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெனிட்டாவுக்கு இருபத்தைந்து, ஊருக்குள் கால் வைக்கிறபோது அத்தையைவிட மூத்தவளாக இருப்பாள்.

"பொறுத்துக்கிடுதோம் சூசன்னா," என்றாள்.

"பிள்ள என்ன செய்யுது? யூனிபாரம் தேச்சு வச்சிருக்கேன், பாவாடைய ஒரு விரக்கடை எறக்கித் தச்சேன். அதுட்ட குடுங்க, சத்தத்த ஒரு தரம் கேட்டுக்கிடுதேன்."

மெற்றில்டா நிமிர்ந்து பார்த்தாள். நிலைப்படி இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்து, எட்டாம் வகுப்புத் தாவணியைச் சரிசெய்துகொண்டு நின்ற பெனிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். தகப்பன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தொண்டையைக் கனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆறு வயதுப் பிள்ளையின் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்து, "அத்தே," என்றாள்.